கற்பூரத்தின் மேல் வைத்த கை

“இழுக்காதீங்க அண்ணே, அப்பாவுக்கு வலிக்கும்” என்றாள் லோகேஸ்வரி. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. கூடத்தில் இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சவப்பெட்டி கொண்டுவந்திருந்த ஆள் கையை விட்டார். அப்பா சின்னையாவின் வலது கை பழையபடி மடங்கி விலாவோடு போய் ஒட்டிக்கொண்டது. குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசியாகிவிட்டது. இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் கும்பிட்ட மாதிரி சேர்த்து வைக்க வேண்டியதுதான் பாக்கி. இடது கை சொன்னபடி கேட்டது. அதன் ஆட்காட்டி விரல் நகத்தில் தேர்தல் மை இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. வலது கைதான் வர மாட்டேன் என்று அடம்பிடித்தது.

“அந்தக் கை வராது தம்பி, விட்டுரு” என்றாள் பக்கத்து வீட்டு மாதவி அக்கா. “அது அப்படித்தான்.”

லோகேஸ்வரிக்குச் சுர்ரென்று ஏறியது. “எந்தக் கைக்கா?”

“ஒண்ணுமில்ல கண்ணு. சும்மா சொன்னேன்.”

“சும்மா சொல்லல நீங்க. ஸ்ட்ரோக் வந்த கைன்னு சொல்லுங்க. ஓட்டுப் போட்ட கைன்னு மனசுல வச்சிக்கிட்டு அந்தக் கை இந்தக் கைன்னு பேசாதீங்க.”

“லோகா” என்று வாசலிலிருந்து அண்ணன் ஜீவன் அதட்டினான். “சாவு வீட்டுல சண்டை வேணாம்லா.”

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா தனலெட்சுமி ஒன்றும் பேசவில்லை. நேற்று மாலை அப்பாவின் மூச்சு நின்றதிலிருந்து அவள் அழவும் இல்லை. பெட்டிக்காரரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். எட்டி அந்த மடங்கிய கையை எடுத்து, அது எப்படி இருந்ததோ அப்படியே வேட்டியின் மேல் வைத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் ஊர்வாய் முடிந்துவிடுமா? வாசலில் போட்ட கானோப்பிப் பந்தலுக்கு அடியில், பிளாஸ்டிக் நாற்காலிகளில், மைலோ டம்ளர்களுக்கு நடுவில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நடந்ததைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை.

கிள்ளானில் ரயில் பாதையை ஒட்டிய அந்த லோரோங் ஒரு முட்டுச்சந்து; உள்ளே வர ஒரே வழி, வெளியே போகவும் அதே வழி. அதன் முனையில் இருப்பது முனீஸ்வரர் கோயில். ரயில்வேயில் வேலை செய்தவர்கள் அரச மரத்தடியில் சூலம் நட்டுக் கும்பிட்ட இடம், பிள்ளைகள் காலத்தில் தகரக் கூரையாகி, பேரப் பிள்ளைகள் காலத்தில் கோபுரமாகிவிட்டது. எல்லாம் ஆனது, நிலம் மட்டும் சொந்தமாகவில்லை. அது ஏதோ ஒரு கம்பெனியின் பேரில் இருந்தது. போன வருஷக் கடைசியில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அதே நேரம் பார்த்துச் சட்டமன்ற உறுப்பினர் இறந்துபோய் இடைத்தேர்தலும் வந்தது. கேட்க வேண்டுமா! பட்டு வேட்டியும் வெறுங்காலுமாக ஒரு வேட்பாளர் கோயிலுக்கு வந்து நின்றார். நான் ஜெயித்து வை.பி. ஆகிவிட்டால் பட்டா என் பொறுப்பு, ஆனால் இந்த லோரோங்கில் ஒரு ஓட்டுகூடச் சிதறக் கூடாது என்றார்.

சிதறாமல் இருக்க ஆலயத் தலைவர் கார்த்திகேசு ஒரு வழி கண்டுபிடித்தார். ஓட்டுப் போடுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, பூசை முடிந்ததும் தாம்பாளம் நிறையக் கற்பூரத்தைக் கொளுத்தி வாசலில் வைத்தார். ஒவ்வொரு குடும்பமாக வந்து தீயின் மேல் கையை நீட்டிச் சத்தியம் செய்ய வேண்டும். மாட்டேன் என்று யார் சொல்வது? எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், உள்ளேயிருந்து முனீஸ்வரர் வேறு மீசையும் அரிவாளுமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சின்னையாவும் நீட்டினார். அம்மாவும் நீட்டினாள். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. செந்தூலில் இருந்த லோகேஸ்வரிக்கு போன் போட்டுத் திட்டித் தீர்த்தார்.

“முனீஸ்வரர கட்சி ஏஜண்டா ஆக்கிட்டானுங்க பாப்பா. அவருக்குப் போயி வோட்டர் லிஸ்ட்ட குடுத்து ஒக்கார வச்சிட்டானுங்க.”

“அப்ப ஏன்ப்பா கைய நீட்டுனீங்க?”

“அவரு முன்னாடி முடியாதுன்னு எப்படி சொல்றது?” என்றார் அப்பா.

எப்பேர்ப்பட்ட ஆள் அவர்! நகராண்மைக் கழகக் குப்பை லோரி ஓட்டியவர். கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போவார், திருவிழாவுக்குப் போவார், அவ்வளவுதான். ஆனால் ஓட்டுப் போடும் நாள் வந்தால் விடியற்காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொள்வார். பள்ளிக்கூடத்துக்குப் போனால் வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போவார். தேர்தல் அதிகாரிகள், “பாக்சிக், செருப்போட வரலாம்லா” என்று சிரிப்பார்கள். “ஒங்களுக்கு வரலாம்” என்பார் இவர். தைப்பூசத்துக்குக் கூடுகிற சொந்தக்காரர்கள் வருஷா வருஷம் சொல்லிச் சிரிக்கிற கதை அது. அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அடுத்த தேர்தலுக்கும் செருப்பைக் கழற்றுவார்.

இடைத்தேர்தலில் பட்டு வேட்டிக்காரர் தோற்றார். பள்ளிக்கூடத்தில் முதல் சாலுரான் என்றால் வயதானவர்கள் ஓட்டுப் போடுகிற வகுப்பறை. அங்கே ஏஜண்டாக உட்கார்ந்திருந்தவர் கோயில் பொருளாளர். எண்ணிக்கையைக் கையோடு கொண்டுவந்தார். கற்பூரத்தின் மேல் நீண்ட கைகளையும் பெட்டியில் விழுந்த ஓட்டுகளையும் வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். இடித்தது. ஒன்றிரண்டு இல்லை, நிறையவே இடித்தது. ஆனால் ஊருக்கு ஒரே ஓர் ஆள்தான் தேவைப்பட்டது.

இரண்டு வாரம் கழித்துச் சின்னையா குளியலறையில் விழுந்தார். வலது கை போயிற்று. வாயும் போயிற்று. ஊருக்கு ஆள் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால்தான் லோகேஸ்வரிக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்காது. கார்த்திகேசு இரண்டு கமிட்டிக்காரர்களோடு திருநீறு எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். கட்டில் ஓரம் குனிந்து, “அண்ணே, நீங்கதானாண்ணே? மாத்திப் போட்டுட்டீங்களா?” என்று கேட்டார். வாய் கோணிப்போய்க் கிடக்கிற மனிதனிடம்! அப்பாவால் ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வலது கண்ணிலிருந்து நீர் வடிந்தது. “அழுறாருய்யா” என்றார் கார்த்திகேசு. “ஒத்துக்கிட்டாரு. பாவம்.” இமை சரியாக மூடாது, கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும், துடைத்துவிட்டுக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். கிளினிக் கவுண்டரில் வேலை பார்க்கிற லோகேஸ்வரி அதைக் கத்திக் கத்திச் சொன்னாள். யார் காதில் வாங்கினார்கள்? கண்ணீர் அல்லவா, அதைவிடச் சாட்சி எது?

அன்று முதல் அந்த வீட்டு வாசலைத் தாண்டுகிற ஆட்கள் ஒரு பார்வை உள்ளே விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்துக்குக் கார்த்திகேசு மாலையோடு வந்தார். பெட்டியில் மாலையைச் சாத்தி, நெடுநேரம் கண்மூடி நின்றார். பிறகு ஜீவனின் தோளில் கைபோட்டுப் பின்பக்கம் அடுப்படிக்கு அழைத்துப் போனார். லோகேஸ்வரி பின்னாலேயே போனாள்.

“தம்பி, தப்பா எடுத்துக்காத. ஊருல பேச்சு இருக்கு, ஒனக்கே தெரியும். ஜனங்க பயந்து போயிருக்காங்க. வேன் கோயில தாண்டுறதுக்கு முன்னாடி வாசல்ல ஒரு நிமிஷம் நிக்கட்டும். நீ எறங்கி ஒரு கற்பூரம் கொளுத்து. ‘எங்கப்பா செஞ்ச தப்ப மன்னிச்சிக்கோ சாமி’ன்னு ஒரு வார்த்த. அவ்ளோதான். முடிஞ்சி போச்சி.”

“எங்கப்பா என்ன தப்பு செஞ்சாரு?” என்றாள் லோகேஸ்வரி.

“பாப்பா, நான் அண்ணன்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்.”

“அவரு எனக்கும்தான் அப்பா. சொல்லுங்க அங்கிள், என்ன தப்பு? அவரு யாருக்குப் போட்டாருன்னு நீங்க பாத்தீங்களா? கூடவே உள்ள போனீங்களா?”

“சாமி பாத்திச்சி.”

“சாமி வந்து ஒங்ககிட்ட சொல்லிச்சா? ஓட்டு ரகசியம்னு சட்டம் இருக்கு தெரியுமா? மெரட்டி வாங்குறது குத்தம். கற்பூரத்த வச்சி மெரட்டினா மட்டும் குத்தம் இல்லையா?”

கார்த்திகேசுவின் முகம் கறுத்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. அந்த ஆளிடம் அதுதான் எரிச்சல், எதிராளி கத்தக் கத்த அவர் அடங்கிப் பேசுவார்.

“சட்டம் பேசுற. நல்லது. புல்டோசர் வந்து நிக்கிற அன்னிக்கு அதுக்கு முன்னாடி யாரு படுப்பா? ஒன் சட்டமா? நான்தாம்மா படுக்கணும். எங்க தாத்தா நட்ட சூலம் அது. நம்மகிட்ட காசு இல்ல, ஆபீஸ்ல ஆள் இல்ல. இருக்கிறது இந்த நாலு ஓட்டுதான். அதையும் ஆளுக்கொரு பக்கம் போட்டுட்டா கோயில் எப்படி நிக்கும்? எல்லாரும் ஒரே கையா இருந்திருந்தா இன்னிக்கு பட்டா நம்ம கையில.”

அவர் கண்கள் கலங்கியிருந்தன. அதில் பொய் இல்லை. பொய் இருந்திருந்தால் லோகேஸ்வரிக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

“பட்டா நமக்குச் சேர வேண்டியதுன்னா எல்லாரும் சேந்து போயி கேக்கணும் அங்கிள். அத விட்டுட்டு, பேச முடியாம படுத்துக் கெடந்தவர் தலையில கொண்டாந்து போட்டுட்டீங்க. இப்ப செத்தும் விடமாட்டேங்கறீங்க.”

கார்த்திகேசு அவளைப் பார்க்காமல் ஜீவனிடம் திரும்பினார். “கருமக்கிரியை கோயில் மண்டபத்துலதான வைக்கணும்? கமிட்டியில ஒத்துக்க மாட்டேங்கறாங்க. அதான் சொல்றேன். அண்ணி இத்தன வருஷமா வெள்ளிக்கெழம பொங்கல் வச்ச கோயில். அவங்க நாளைக்கு உள்ள வரணுமா வேணாமா? யோசிச்சிக்க.”

அவர் போனதும் ஜீவன் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். செமினியில் வீடு, மனைவி ஷாமினிக்கு இது எட்டாம் மாதம், அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

“செஞ்சிரலாம் லோகா. ஒரு வார்த்ததான.”

“ஒரு வார்த்தையா? அந்த ஒரு வார்த்தையச் சொல்லிட்டா அப்பா சத்தியத்த மீறுனவர்னு நம்ம வாயாலயே எழுதிக் குடுத்த மாதிரி. அப்புறம் எந்தக் காலத்துலயும் மாத்த முடியாது.”

“செத்தவருக்கு என்னடி இருக்கு? இருக்கிறவங்களப் பாரு. நீ செந்தூலுக்கு போயிருவ, நான் செமினிக்கு போயிருவேன். இங்க இருக்கப் போறது அம்மா. யாரும் மூஞ்சி குடுத்துப் பேசலன்னா அம்மா எங்க போவாங்க?”

“அம்மா பேரச் சொல்லி நீ பயப்படாத. பயம் ஒன்னோடது.”

“ஆமா, எனக்குப் பயம்தான்” என்றான் ஜீவன். “எனக்குக் கொழந்த பொறக்கப் போவுது. முனீஸ்வரர்கிட்ட எனக்கு வம்பு வேணாம். போதுமா?”

அம்மாவுக்காக என்று அவனும் பேசினான், அவளும் பேசினாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவை மட்டும் இரண்டு பேருமே கேட்கவில்லை.

வாய்க்கரிசி போட்டார்கள். தேவாரம் பாட வந்த பெண்கள் பாடி முடித்தார்கள். சின்னத் தூறல் ஒன்று விழுந்து நின்றது. பெட்டியைத் தூக்கும்போது மாதவி அக்கா வாசலில் கிடந்த சின்னையாவின் நீல நிற ஜப்பான் செருப்பைக் காலால் ஒதுக்கி, “இதையும் பாயோட சேத்து வெளிய போட்டுரலாம்” என்றாள்.

“இருக்கட்டும்” என்றாள் அம்மா. அன்று காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கட்டியவள் வீட்டு கேட்டைத் தாண்டக் கூடாது என்பது முறை. மூன்று பெண்கள் அம்மாவைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தார்கள். சிம்பாங் லீமா மின்சுடலைக்கு நானும் வருவேன் என்று லோகேஸ்வரி காலையிலேயே சொல்லியிருந்தாள். அவளை யாரும் தடுக்கவில்லை, தடுத்தால் கடித்துவிடுவாள் என்று பயம். உருமி மேளம் முன்னால் போக, வேன் பின்னால் ஊர்ந்தது. லோகேஸ்வரி வேனை ஒட்டி நடந்தாள். ஜீவன் ஈர வேட்டியோடு முன்னால் நடந்தான். அவன் என்ன செய்யப் போகிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கே தெரியாது போலிருந்தது.

கோயில் கதவு சாத்தியிருந்தது. சவம் கடக்கும்போது சாத்துவது வழக்கம்தான். வழக்கத்தில் இல்லாதது, கதவுக்கு வெளியே தார் ரோட்டில் வைத்திருந்த பித்தளைத் தாம்பாளம். நடுவில் ஒரு பெரிய வெள்ளைக் கட்டிக் கற்பூரம். கமிட்டிக்காரர்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். லோரோங்கே வந்து நின்றது. கார்த்திகேசு கையைக் காட்டினார், உருமி அடங்கியது. வேன் நின்றது.

“வா தம்பி” என்று லைட்டரை நீட்டினார்.

ஜீவன் வாங்கிக்கொண்டான்.

“அண்ணே, வேணாம்” என்றாள் லோகேஸ்வரி. “நீ பத்த வச்சா நான் காலால எட்டி ஒதைச்சிருவேன். சாமி குத்தம் என் மேல வரட்டும்.”

“அடிப் பாவி” என்று யாரோ வாயில் அடித்துக்கொண்டார்கள்.

“லோகா, தயவு செஞ்சி...” ஜீவனுக்கு அழுகை வந்துவிட்டது. தாம்பாளத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். லைட்டரைத் தட்டினான். ஈரக் காற்று, பற்றவில்லை. மறுபடி தட்டினான். லோகேஸ்வரி பற்களைக் கடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் அழுகிறான், அப்பா பெட்டிக்குள் கிடக்கிறார், இத்தனை ஜனம் நிற்கிறது. காலைத் தூக்க அவளுக்கும் மனம் வரவில்லை.

அப்போதுதான் பின்னால் டப் டப் என்று சத்தம் கேட்டது. கூட்டம் விலகியது.

அம்மா வந்துகொண்டிருந்தாள். தலை கலைந்திருந்தது. காலில் அப்பாவின் நீலச் செருப்பு, அவள் காலுக்குப் பெரிது, ஒவ்வோர் அடிக்கும் குதிகாலில் அடித்துச் சேற்றை வாரி இறைத்தது. அவளைப் பிடித்திருந்த பெண்கள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். “அக்கா, கேட்ட தாண்டக் கூடாதுக்கா!” என்று மாதவி அக்காவின் குரல் கேட்டது. இரண்டு வீட்டுக்கு முன்னாலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்கு நடக்கிறவள் அம்மா. இன்று செருப்போடு நேரே வாசலுக்கு வந்து தாம்பாளத்தின் முன்னால் நின்றாள்.

“எழுந்திரு ஜீவா.”

“அம்மா...”

“எழுந்திருடா.”

அவன் எழுந்தான். அம்மா கார்த்திகேசுவைப் பார்த்தாள்.

“நான்தான் மாத்திப் போட்டேன், கார்த்தி.”

கார்த்திகேசுவுக்குச் சட்டென்று புரியவில்லை. “என்ன அண்ணி சொல்றீங்க?”

“நான்தான். ஓ மின்னாடிதான் கற்பூரத்துக்கு மேல கைய வச்சேன். போயி மாத்திப் போட்டுட்டு வந்தேன். அந்தாளு போடல. அந்தாளு குடுத்த சத்தியத்தக் காப்பாத்தினாரு.”

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் போனது.

“அண்ணி, துக்கத்துல பேசுறீங்க...”

“துக்கம் எனக்கு நேத்துதான் வந்திச்சி. இது மூணு மாசமா வயித்துல இருக்கு.” அம்மா வலது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி விரித்துக் காட்டினாள். வயதான கை, மஞ்சள் படிந்த ரேகை, விரல்கள் நேராக இருந்தன. “பாரு. நல்லாப் பாரு. இந்தக் கைதான் மாத்திப் போட்ட கை. ஒண்ணும் ஆவல. இந்தக் கையாலதான் மூணு மாசமா வெள்ளிக்கெழமயில பொங்கல் வச்சேன். சாமிக்குப் படச்சேன். நீயும் தின்ன. தின்னியா இல்லயா?”

கார்த்திகேசு அந்தக் கையையே பார்த்தார்.

“சத்தியம் மீறுனதுக்கு சாமி அடிக்கும்னா என்னத்தான அடிச்சிருக்கணும்? ஏன் அந்தாள அடிக்கிது? ஒஞ் சாமிக்கு ஆளு அடையாளம் தெரியாதா? எஞ் சாமிக்குத் தெரியும். அது யாரையும் அடிக்கல. ரத்தக் கொதிப்பு அடிச்சிச்சி. நான் கட்டில்ல கெடந்தவரு கண்ணத் தொடைக்கிறேன், நீ அழுறாரு அழுறாருன்னு ஊரு பூரா சொல்ற.”

அவள் குரல் கிறீச்சிட்டது. இத்தனை வருஷத்தில் அம்மா தெருவில் நின்று குரல் உயர்த்தி லோகேஸ்வரி பார்த்ததில்லை. மூச்சு இளைக்க, காறித் துப்புகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. “அன்னிக்கே சொல்லியிருக்கணும் நான். சொன்னா என்னையும் சேத்துப் பேசுவீங்கன்னு வாய மூடிக்கிட்டு கெடந்தேன். அவரும் பேச முடியாம கெடந்தாரு, நானும் பேசாம கெடந்தேன். இன்னிக்கு அவர மன்னிப்பு கேக்க வைக்கிறீங்களா? இருந்தா நான் கேக்குறேன், சாமிகிட்ட, எனக்கும் அதுக்கும் நடுவுல. ஒன் தாம்பாளம் அதுக்கு வேணாம்.”

லோகேஸ்வரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாரும் கற்பூரத்தின் மேல் கை நீட்டியவர்கள்தான். இடித்தது ஒன்றிரண்டு ஓட்டு இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். சிலர் சாக்கடையைப் பார்த்தார்கள், சிலர் உருமிக்காரரைப் பார்த்தார்கள். மாதவி அக்கா தன் வலது கையை மெதுவாக முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“பட்டா போச்சே அண்ணி” என்றார் கார்த்திகேசு. கேட்கவே சங்கடமாக இருந்தது, அவ்வளவு சின்னக் குரல். “கோயில எடுத்துருவாங்களே.”

“போயி கேப்போம். அந்த ஆபீஸ் வாசல்ல ஒக்காந்து கேப்போம். நானும் வரேன், எம் பொங்கப் பானையத் தூக்கிக்கிட்டு வரேன். ஆனா செத்துப்போன மனுசன வச்சி வேண்டாம்.” அம்மா வேன் டிரைவர் பக்கம் திரும்பினாள். “எடுப்பா வண்டிய. நேரமாவுது.”

டிரைவர் கார்த்திகேசுவைப் பார்த்தான். தாம்பாளம் சக்கரத்துக்கு நேரே கிடந்தது. கமிட்டிக்காரர் யாரும் நகரவில்லை. கடைசியில் கார்த்திகேசுவே குனிந்து அதை எடுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். கொளுத்தாத கற்பூரம் தாம்பாளத்தில் உருண்டது. வேன் நகர்ந்தது. அம்மா கண்ணாடி வழியே பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள், ஒரு கையை உயர்த்தி வேனின் பக்கவாட்டில் தொட்டாள், அது நழுவிப் போயிற்று. உருமி மறுபடி ஆரம்பித்தபோதுதான் அவள் அப்படியே ரோட்டில் உட்காரப் போனாள்.

லோகேஸ்வரி ஓடிப் போய்த் தாங்கிப் பிடித்தாள். “நீ போ அண்ணே” என்றாள் ஜீவனிடம். “நான் அம்மாவ பாத்துக்கிறேன்.” சிம்பாங் லீமாவுக்கு அவள் போகவில்லை.

இரண்டு பேரும் லோரோங்கின் உள்ளே திரும்பி நடந்தார்கள். யாரும் கூட வரவில்லை. வீடுகளின் ஜன்னல் திரைகள் அசைந்தன. பெரிய செருப்பில் அம்மாவின் கால் வழுக்கியது, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் லோகேஸ்வரிக்கு அடக்க முடியவில்லை.

“எங்கிட்டகூடச் சொல்லல நீ.”

“ஒங்கிட்ட சொன்னா நீ சும்மா இருப்பியா? அன்னிக்கே கோயில்ல போயி குதிச்சிருப்ப.”

அது உண்மைதான். கோபத்தோடு கோபமாக லோகேஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, சிரித்தால் அழுதுவிடுவோம் என்று அடக்கிக்கொண்டாள். வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெட்டி இருந்த இடத்தில் ஈரம் காயாமல் கிடந்தது.

“அப்பா சத்தியத்தக் காப்பாத்தினாருன்னு சொன்னியே, அது எப்படித் தெரியும் ஒனக்கு? அவரே சொன்னாரா?”

“அவரா? கட்டினவகிட்டயே சொல்லமாட்டாரு. ரகசியம்னா ரகசியம்.”

“அப்புறம்?”

அம்மா வாசல் படியில் கையூன்றி உட்கார்ந்தாள்.

“நான் வரிசையில அவருக்குப் பின்னாடிதான் நின்னேன். வகுப்பு வாசல் வந்திச்சி. கால தூக்குனாரு, கழட்டப் போறாருன்னு பாத்தேன். குனிஞ்சி காலையே பாத்துக்கிட்டு நின்னாரு. பின்னால இருந்தவங்க போ போங்கறாங்க.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “செருப்போடயே உள்ள போயிட்டாரு பாப்பா. அன்னிக்குப் போட்டது அவரு ஓட்டு இல்ல.”

லோகேஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா குனிந்து காலிலிருந்த நீலச் செருப்பைக் கழற்றினாள். முந்தானையை நனைத்து, வாரில் ஒட்டியிருந்த சேற்றை வழித்து, அடிப்பக்கத்தையும் துடைத்தாள். பிறகு இரண்டையும் ஜோடி சேர்த்து, படிக்குக் கீழே, அது எப்போதும் கிடக்கிற இடத்தில் வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனாள்.